போட்டோரெக்: கெட்டுப்போன மெமரி கார்டில் எதுவரை கைகொடுக்கும்?

அழிந்த படங்களை மீட்கும் போட்டோரெக், அதனுடன் சேர்ந்தே வரும், கார்டின் கட்டமைப்பைச் சீர்செய்யும் டெஸ்ட்டிஸ்க் இரண்டையும் எழுதியவர் கிறிஸ்டோஃப் கிரெனியே. இரண்டும் இலவசம், திறமூலம். விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும். கேமரா கார்டோ, செல்போன் கார்டோ, டிரோன் கார்டோ, கெட்டுப்போய் வந்தால் பல வருடமாக முதலில் எடுப்பது இவற்றைத்தான். காசுக்கு விற்கும் மென்பொருள்களில் பல, ஸ்கேன் செய்து படங்களைக் காட்டிவிட்டு, சேமிக்கப் போகும்போதுதான் பணம் கேட்கின்றன. ஜேபெக் படங்கள் மட்டும் வேண்டுமென்றால் அந்தச் செலவு பெரும்பாலும் தேவையே இல்லை. வீடியோவில் நிலைமை வேறு.

எவ்வளவு மீளும் என்பதை, கார்டு கெட்ட நேரத்துக்கும் அதை நகல் எடுக்கும் நேரத்துக்கும் இடையில் நடப்பவைதான் தீர்மானிக்கின்றன. கார்டைச் செருகியதும் "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டால் ரத்து செய்துவிடுங்கள். விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்லிப் பலர் யோசனை தருவார்கள், கேட்காதீர்கள். அது கோப்பு அமைப்பை, அதாவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பதிவேட்டைச் சீர்செய்யும் கருவி, உங்கள் படங்களைக் காப்பாற்றும் கருவி அல்ல. எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று தெரியாத துண்டுகளை ஃபவுண்ட் என்ற ஃபோல்டரில் சிஎச்கே கோப்புகளாகக் கொட்டிவிட்டு, பெயர்களை மீட்க உதவியிருக்கக்கூடிய பதிவுகளை மாற்றி எழுதிவிடும். போனிலேயே கார்டை விட்டுவைப்பதும் ஆபத்துதான். கேலரி செயலி தன்பாட்டுக்குச் சிறுபடங்களை எழுதிக்கொண்டிருக்கும்.

கார்டை வெளியே எடுத்து, மைக்ரோ எஸ்டி என்றால் அடாப்டரில் போட்டு, பக்கவாட்டிலுள்ள லாக் பொத்தானைக் கீழே தள்ளுங்கள். அது வெறும் பிளாஸ்டிக் நகர்வுதான். எழுத விடாமல் தடுக்க வேண்டியது கார்டு ரீடர். மலிவான சில ரீடர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. அதனால் அதை முழுதாக நம்பாமல், முழுக் கார்டையும் ஒரே இமேஜ் கோப்பாக எடுத்து, மற்ற வேலையெல்லாம் அந்த இமேஜில்தான் செய்ய வேண்டும். இதற்கு ஜிஎன்யு டிடிரெஸ்க்யூவை விட நல்ல கருவி இல்லை (உபுண்டுவில் ஜிடிடிரெஸ்க்யூ என்ற பெயரில் கிடைக்கும்). முதல் சுற்றில் மைனஸ் என் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் எளிதாகப் படிக்க வருவதை வாரி எடுத்துக்கொண்டு, சிக்கலான பகுதிகளை விட்டுவைக்கும். இரண்டாம் சுற்றில் மைனஸ் ஆர்3 கொடுத்து, விட்டவற்றை மூன்று முறை முயலச் சொல்லலாம். விநாடிக்கு 20 எம்பி வேகத்தில் படிக்கும் ரீடரில் 64 ஜிபி கார்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். இமேஜுக்கும் மீட்ட கோப்புகளுக்குமாக டிஸ்கில் 150 ஜிபி காலியிடம் வைத்துக்கொள்வது நல்லது.

கெட்ட பகுதி வந்ததும் கார்டு திணறி, சட்டென்று கணினியிலிருந்தே காணாமல்போவது அடிக்கடி நடக்கும். ரீடரைக் கழற்றிச் சில நிமிடம் ஆறவிட்டு மறுபடி செருகுங்கள். எதுவரை படித்தது என்று டிடிரெஸ்க்யூ குறித்துவைக்க ஒரு மேப் கோப்பைக் கொடுத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் லினக்ஸ் வைக்கும் பெயரில் முன்பு எஸ்டிபி என்று இருந்த கார்டு இப்போது எஸ்டிசி ஆகியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் கொள்ளளவை வைத்து எது கார்டு என்று உறுதி செய்துகொண்ட பிறகே என்டர் தட்டுங்கள். மீண்டும் மீண்டும் அதே இடத்தில் விழுந்தால் பெரிய ஆர் விருப்பத்தைக் கொடுத்து கடைசியிலிருந்து பின்னோக்கிப் படிக்கச் செய்யலாம். கெட்ட இடத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் அப்படித்தான் கைக்கு வரும்.

இமேஜ் கிடைத்ததும் உடனே போட்டோரெக்குக்குத் தாவ வேண்டாம். முதலில் டெஸ்ட்டிஸ்க். கோப்பு அமைப்பின் முதல் செக்டார் (கார்டு பிரிக்கப்பட்டிருக்கும் சிறு கட்டங்களில் முதலாவது) மட்டும் கெட்டிருந்தால், ஃபேட்32 அமைப்பில் அதன் பிரதி வழக்கமாக 6ஆம் செக்டாரில் இருக்கும். எக்ஸ்ஃபேட்டில் 12ஆம் செக்டாரிலிருந்து இருக்கும். அட்வான்ஸ்டு பகுதியில் பூட் என்பதற்குள் போனால் பிரதி நலமாக இருக்கிறதா என்று காட்டும். நலமென்றால், இமேஜின் இன்னொரு நகலில் அதைப் பழைய இடத்துக்கு எழுதச் சொல்லலாம். ஃபோல்டர், பெயர், தேதி எல்லாம் அப்படியே திரும்பிவிடும். போட்டோரெக்கால் இது முடியவே முடியாது.

போட்டோரெக் கோப்பு அமைப்பைப் பார்ப்பதில்லை. ஜேபெக் என்றால் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளில் தொடங்கும்; அதைப் போன்ற அடையாளங்களைத் தேடி, அங்கிருந்து தொடர்ச்சியாக வெட்டி எடுக்கும். ஃபைல் ஆப்ட் திரையில் 'எஸ்' தட்டி எல்லாத் தேர்வுகளையும் நீக்கிவிட்டு, வேண்டியதை மட்டும் குறியுங்கள். படத்துக்கு ஜேபிஜி. எம்பி4 வீடியோ, எம்ஓவி என்ற வகைக்குள்ளேயே வரும். கேனான் சிஆர்2, நிக்கான் என்இஎஃப் போன்ற ரா கோப்புகள் (கேமராவின் பதப்படுத்தாத மூலப் படங்கள்) டிஃப் வகைக்குள் ஒளிந்திருக்கின்றன. இது தெரியாமல் ரா படங்களே வரவில்லை என்று கைவிட்டவர்கள் உண்டு. எல்லாவற்றையும் குறித்து விட்டால் ஆயிரக்கணக்கில் உரைத் துண்டுகள் வந்து குவியும்.

பெயர்கள் போய்விடும். 'எஃப்' எழுத்துக்குப் பின் செக்டார் எண் என்றுதான் கோப்புகள் வரும். 'டி'யில் தொடங்குபவை சிறுபடங்கள். தனியே ஒதுக்குங்கள், ஆனால் அழிக்காதீர்கள். முழுப் படம் சிதைந்திருந்தால் அதன் சிறுபடமே மிஞ்சும். படத்துக்குள் பதிந்திருக்கும் தகவலைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் கொண்டு, படம் எடுத்த தேதியையே பெயராக வைக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கு மட்டும் இது பலிக்காது: அனுப்பும்போதே தேதித் தகவல் நீங்கிவிடுகிறது.

மேல்பாதி தெளிவாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் வரும் படங்கள் இருக்கும். அந்தப் படம் கார்டில் துண்டு துண்டாக இருந்திருக்கிறது, அல்லது பாதியின் மேல் வேறொன்று எழுதப்பட்டுவிட்டது. கேமராவில் ஃபார்மட் செய்து வரிசையாக எடுத்த கார்டுகளில் இது அபூர்வம். கல்யாண மண்டபத்தில் இடைவேளையில் உட்கார்ந்து, சுமாரான படங்களை ஒவ்வொன்றாக டெலிட் செய்துவிட்டு மேற்கொண்டு எடுத்த கார்டுகளில் சகஜம்: காலியான ஓட்டைகளில்தான் அடுத்த படங்கள் சிதறிப் போய் உட்காரும். செல்போன் கார்டுகள் எப்போதுமே அந்த ரகம்.

வீடியோவில் போட்டோரெக் ஏமாற்றுவதற்கும் இதுவே காரணம். சில ஆக்‌ஷன் கேமராக்கள் முழுத்தர வீடியோவோடு குறைந்த தரப் பிரதியையும் ஒரே நேரத்தில் எழுதுகின்றன. இரண்டும் மாறி மாறிப் பின்னிக்கிடக்கும். தொடர்ச்சியாக வெட்டும் கருவிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. அந்தக் கேமரா வகையைப் புரிந்துகொண்டு துண்டுகளைச் சேர்க்கும் கட்டண மென்பொருளுக்கு இங்கே செலவு செய்வது நியாயம். பதிவின் நடுவே பேட்டரி போன கோப்பு என்றால் குறை வேறு: பல கேமராக்கள் மூவ் எனும் குறிப்புப் பகுதியைப் பதிவு முடிந்த பிறகே எழுதும். அது இல்லாவிட்டால் எந்தப் பிளேயரும் திறக்காது. அதே கேமராவில், அதே ரெசல்யூஷனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அன்ட்ரங்க் என்ற கருவி பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

சில கார்டுகளில் எந்த மென்பொருளாலும் பயனில்லை. ஆண்ட்ராய்டு 6 முதல், கார்டைப் போனின் உள் சேமிப்பகமாகவே இணைக்கும் வசதி உண்டு. அப்படி இணைத்தால் எல்லாம் மறையாக்கம் ஆகும். சாவி போனுக்குள் இருக்கும். போனை ரீசெட் செய்துவிட்டால் அந்தக் கார்டு வெறும் இரைச்சல்தான். கொள்ளளவு பூஜ்யம் என்றோ சில எம்பி என்றோ காட்டினால், கார்டை இயக்கும் சில்லான கன்ட்ரோலர் போய்விட்டது. மைக்ரோ எஸ்டியில் கன்ட்ரோலரும் நினைவகமும் ஒரே வார்ப்புக்குள் இருப்பதால், மேற்பூச்சைச் சுரண்டி நுண்ணிய புள்ளிகளில் கம்பி பற்றவைத்துத்தான் படிக்க முடியும். அது ஆய்வகத்தின் வேலை, செலவும் அதிகம்.

மீட்பு முடிந்த பிறகு, டிடிரெஸ்க்யூ ஒரு படிப்புப் பிழைகூடக் காட்டாத கார்டை மட்டும் எஸ்டி அசோசியேஷனின் ஃபார்மட்டரால் சுத்தம் செய்து, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது லினக்ஸில் எஃப்3 கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். போலிக் கொள்ளளவுக் கார்டுகள் இந்தச் சோதனையில் அகப்பட்டுவிடும். பிழை காட்டிய கார்டை, மீட்ட படங்கள் இரண்டு இடத்தில் பத்திரமானதும் வெட்டிப் போட்டுவிடுங்கள்.