ராத்திரிக்குக் குதிரையை எதில் கட்டுவது: மின்வேலியா, ஹைலைனா?

வெமினூச் காட்டில் ஆறு இரவு தங்கப் போகிறோம் என்றதும் எல்லாரும் கரடியைப் பற்றித்தான் கேட்டார்கள். எங்கள் கவலை வேறு. ராத்திரியில் குதிரைகளை எப்படி நிறுத்தி வைப்பது? கொலராடோவின் தென்மேற்கில், சான் வான் மலைகளில், கிட்டத்தட்ட 5 லட்சம் ஏக்கருக்குப் பரந்த காடு அது. 1975-இல் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவித்தார்கள். அந்த வகையில் மாநிலத்திலேயே பெரியது. உள்ளே ஜீப் கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. குதிரை போய்விட்டால் சேணமும் கூடாரமும் சமையல் சாமானுமாக நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான். நாங்கள் ஒருமுறை அப்படி நின்றோம்.

முளையடித்துக் கட்டுவதையும் கால்தளையையும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். முளை என்றால் நம் ஊரில் மாட்டுக்கு அடிப்பதேதான். பழக்கினால் குதிரையும் நிற்கும். ஆனால் கயிறு எட்டும் வட்டத்தை மொட்டையடித்துவிடும். 3,200 மீட்டருக்கு மேல் புல் வளர்வதே வருடத்தில் சில மாதங்கள்தான், மிதித்த புல் சீக்கிரம் எழாது. முன்னங்கால் இரண்டையும் பிணைக்கும் தளை பகலில் மேயவிடத் தோதானது. ராத்திரிக்கு அதை மட்டும் நம்பிவிட்டுத் தூங்கக் கூடாது. பழகிய குதிரை இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிப் போட்டு, முயல் மாதிரி குதித்துக் குதித்தே மலை இறங்கிவிடும். எங்கள் செவலை இதில் கைதேர்ந்தவன்.

மீதி இருப்பவை மின்வேலியும், மரங்களுக்கு நடுவே தலைக்கு மேலே கட்டும் கயிறான ஹைலைனும்.

மின்வேலியைத்தான் முதலில் வாங்கினோம். ஆசை காட்டும் பொருள் அது. டார்ச் பேட்டரி போட்ட சின்னப் பெட்டி, கம்பி இழை நெய்த வெள்ளை நாடா, கண்ணாடியிழைக் குச்சிகள். எல்லாம் சேர்த்து ஐந்து கிலோகூட வராது. புல்வெளி ஓரத்தில் அரை மணி நேரத்தில் சுற்றிக் கட்டிவிடலாம். குதிரைகள் ராத்திரி முழுக்க உள்ளே மேயும், படுக்கும், புரளும். தீவனக் கணக்கைப் பார்த்தால் இதை அடிக்க ஆளில்லை. 450 கிலோ குதிரைக்கு நாளுக்கு 9 கிலோ அளவுக்குக் காய்ந்த தீவனம் வேண்டும். பொதி குதிரை ஒன்று 70 கிலோ தூக்கினாலே நிறைவு. இரண்டு குதிரைக்கு ஆறு நாள் வைக்கோல் கொண்டு போவது நடக்கிற காரியமில்லை.

சரி, அப்புறம் ஏன் அதை விட்டோம்? மண்தான் காரணம்.

மின்வேலியில் குதிரைக்கு அதிர்ச்சி கிடைக்க வேண்டுமென்றால் மின்சாரம் நாடாவிலிருந்து அதன் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கி, மண்ணுக்குள் போய், எர்த் கம்பி வழியாகப் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். வீட்டுப் பட்டியில் ஈரக் களிமண். குதிரை ஒருமுறை மூக்கை வைத்தால் மறுமுறை பக்கத்தில் வராது. மலைக்காட்டில் காலுக்குக் கீழே இருப்பது என்ன? ஊசியிலைச் சருகு, அதற்கடியில் சரளை, அதற்கடியில் பாறை. எர்த் கம்பி ஒரு சாண் இறங்கியதும் கல்லில் முட்டி நின்றுவிட்டது. வீட்டில் 5,000 வோல்ட்டைத் தாண்டிக் காட்டிய சோதனைக் கருவி அங்கே 1,500-க்கு மேல் ஏறவில்லை. கம்பியைச் சுற்றி ஒரு பானைத் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்சம் ஏறியது, விடிவதற்குள் இறங்கியது. ஈரப் புல்வெளியின் நடுவே கட்டினால் நன்றாக வேலை செய்யுமே என்பீர்கள். செய்யும். ஆனால் அது ஓடைக்கரை. தண்ணீரிலிருந்து தள்ளித்தான் குதிரையைக் கட்ட வேண்டும், 60 மீட்டராவது. அந்த 60 மீட்டரில் மண் மாறிவிடுகிறது.

உண்மையில் அந்த நாடா குதிரையைத் தடுப்பதில்லை. தொட்டால் சுடும் என்ற நினைப்புதான் தடுக்கிறது. நினைப்பு பொய் என்று தெரிந்த நாளோடு வேலி முடிந்தது. அதுவும் தெரியாமல் இருக்க வேண்டுமானால், காட்டில் வேறு யாரும் அதற்குள் ஓடி வரக் கூடாது. இரண்டாம் இரவு எல்க் மான்கள் வந்தன. எத்தனை என்று தெரியாது. குளம்புச் சத்தமும், குச்சிகள் முறியும் சத்தமும் கேட்டன, அவ்வளவுதான். டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது நாடா நாற்பது அடிக்கு அப்பால் ஒரு புதரில் தொங்கியது. செவலையும் இல்லை, வெள்ளைச்சியும் இல்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்பார்கள். எனக்கு வாலும் கிடைக்கவில்லை. மனைவியைச் சாமானுக்குக் காவல் வைத்துவிட்டு விடிந்ததும் 13 கிலோமீட்டர் நடந்தேன். இரண்டும் நாங்கள் அவற்றை ஏற்றி வந்த டிரெய்லர் பக்கத்தில், ஒன்றும் நடக்காத மாதிரி நின்றுகொண்டிருந்தன. ஓடிப்போகும் குதிரை பெரும்பாலும் வந்த வழியே திரும்பும். அதனால் இப்போதெல்லாம் கூடாரத்தைப் பாதைப் பக்கம் போட்டு, குதிரைகளை உள்பக்கம் வைக்கிறோம்.

இனி ஹைலைன். இரண்டு மரங்களுக்கு நடுவே, குதிரையின் தலைக்கு மேலே, ஏழு எட்டு அடி உயரத்தில் விறைப்பாகக் கட்டிய கயிறு. அதிலிருந்து ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு தும்புக் கயிறு தொங்கும். கயிறை நேராக மரத்தில் சுற்றக் கூடாது, மரப்பட்டையை அறுத்துவிடும். இரண்டு மூன்று அங்குல அகல வாரை மரத்தில் சுற்றி, அதில் கயிறைக் கோக்க வேண்டும். இழுத்துக் கட்ட நம் லாரிக்காரர்கள் தார்ப்பாய்க்குப் போடும் முடிச்சே போதும். தொய்ந்தால் ஆபத்து, தொங்கும் கயிற்றைக் குதிரை தாண்டி மிதித்துவிடும். தும்பின் நீளத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூக்கு தரையைத் தொட வேண்டும், கால் கயிற்றைத் தாண்டக் கூடாது. குதிரை ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றி வரும் என்பதால் சுழலும் கொக்கி வைத்துக் கட்டவில்லை என்றால் காலையில் தும்பு முறுக்கேறித் தலை மேலே நிற்கும். இதற்கெல்லாம் எனக்கு 60 டாலருக்குள் முடிந்தது. பேட்டரி வேண்டாம், எர்த் வேண்டாம், மண் எப்படி இருந்தாலும் சரி. எல்க் வந்தால் குதிரை மிரளும், இழுக்கும், நிற்கும்.

மண் இங்கேயும் வருகிறது, வேறு விதமாக. எங்கெல்மான் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்துக்கு வேர் ஆழமாகப் போகாது. சும்மா நிற்கும் குதிரை முன்னங்காலால் தோண்டும். மரத்தடியில் கட்டினால் ஒரே ராத்திரியில் வேர் வெளியே வந்துவிடும். அதனால் குதிரையை மரத்திலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி, கயிற்றின் நடுப்பகுதியில், முடிந்தால் கல் பரந்த தரையில் நிறுத்துகிறோம். கிளம்பும்போது குழியை மூடி, சாணியைக் கலைத்து, சருகை இழுத்து விடுவது அரை மணி நேர வேலை. அலுப்பான வேலைதான்.

இன்னொரு எச்சரிக்கை, கயிறு கட்டும் முன் அண்ணாந்து பாருங்கள். இந்த மலைகளில் ஸ்ப்ரூஸ் வண்டு அரித்துக் கொன்ற மரங்கள் மலைச்சரிவு சரிவாகச் சாம்பல் நிறத்தில் நிற்கின்றன. 2013-இல் வெஸ்ட் ஃபோர்க் காட்டுத்தீ ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது இப்படிப்பட்ட காட்டைத்தான். எரியாமல் நிற்பவை காற்றடித்தால் சாயும். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடியும் மழையும் காற்றும் சேர்ந்து வரும். பச்சை மரம் இரண்டு, தோதான இடைவெளியில், மேலே செத்த மரம் எதுவும் சாய்ந்திராமல் கிடைக்க ஒரு மணி நேரம் அலைந்திருக்கிறோம். மரம் வளரும் எல்லைக்கு மேலே போய்விட்டால் ஹைலைனுக்கு வழியே இல்லை.

தீவனம்தான் ஹைலைனின் பலவீனம். கட்டிய குதிரை மேய முடியாது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் தளை போட்டு மேயவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டையும் விடுவதில்லை. ஒன்று கட்டில் நின்றால் மற்றது தூரம் போகாது. மிச்சத்துக்குக் களைவிதை இல்லையென்று சான்று பெற்ற அல்ஃபால்ஃபா (குதிரைமசால்) வில்லைகள். கொலராடோவின் தேசியக் காடுகளுக்குள் சான்றில்லாத தீவனம் கொண்டுபோக அனுமதி இல்லை. ஆறு நாளில் இரண்டும் கொஞ்சம் இளைத்துத்தான் திரும்பின.

நான் சொல்வதெல்லாம் இரண்டு மூன்று குதிரையை வைத்துக் கண்டது. எட்டு, பத்து என்று கூட்டிப்போகிறவர்களுக்கும் கோவேறு கழுதைக்காரர்களுக்கும் கணக்கு வேறாக இருக்கலாம். ஈர மண்ணுள்ள மலைகளில் மின்வேலி என்னை மறுத்துப் பேசவும் கூடும்.

வேலியை விற்கவில்லை. டிரெய்லர் நிறுத்தும் இடத்தில் முதல் ராத்திரிக்கு இன்னும் கட்டுகிறோம். அங்கேயிருந்து ஓடினாலும் அவை திரும்பி வரப்போவது அந்த டிரெய்லருக்குத்தானே. வெள்ளைச்சி மட்டும் ஹைலைன் தும்பை மென்று மென்று இதுவரை மூன்றைத் தின்றிருக்கிறாள்.