பில் போடும் செயலி: எக்செல் பொத்தான் போன பிறகு

கடலூர் லாரன்ஸ் ரோட்டில் உள்ள எங்கள் ஹார்டுவேர் கடையில், கொரோனா ஊரடங்குக்கு முன்பிருந்தே ஓர் இலவசச் செயலியில்தான் பில் போட்டு வந்தோம். பெயர் வேண்டாம். வேகத்தில் குறை சொல்ல முடியாது; ஆணி முதல் பிவிசி பைப் வரை எல்லாச் சரக்கையும் பழைய ஆண்ட்ராய்டு போனிலேயே தாங்கியது.

முதலில் லாகின் கட்டாயமானது. போனுக்குள் இருந்த கணக்கு அவர்களுடைய சர்வருக்குப் போனது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது நெட் இல்லை. செயலி திறக்கவே இல்லை. கயிறும் தார்ப்பாயும் கேட்டு வந்தவர்களுக்குத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தோம். அடுத்து, பில்லின் அடியில் அவர்களுடைய விளம்பர வரி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இலவசமாகத் தருபவரும் பிழைக்க வேண்டுமே.

நான் விழித்துக்கொண்டது, கணக்கை எக்செல் கோப்பாக இறக்கித் தரும் பொத்தான் மறைந்து பிடிஎஃப் மட்டும் மிஞ்சியபோது. பிடிஎஃப்பை வைத்து ஆடிட்டர் என்ன செய்வார்? ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். பழைய பில்களை விட்டுவிட்டு நாம் எழுந்து போக முடியாது என்பது செயலிக்காரர்களுக்கும் தெரியும். வாசலை அடைத்துவிட்டுத்தான் கட்டணம் கேட்பார்கள். இங்கும் அப்படியே ஆண்டுச் சந்தா வந்தது, ‘பழைய வாடிக்கையாளர் சலுகை’ என்ற பெயரில்!

அதனால் விலையையோ விளம்பரத்தையோ விட, தரவை வெளியே எடுக்கும் வழியைத்தான் கவனிக்கச் சொல்வேன். குறிப்பெடுக்கும் செயலியான எவர்நோட் 2016இல் இலவசக் கணக்கை இரண்டு கருவிகளுக்குள் சுருக்கியது. இத்தாலியின் பெண்டிங் ஸ்பூன்ஸ் அதை வாங்கிய பிறகு, 2023 டிசம்பரில் 50 குறிப்புகள்தான் என்றது. ஆனாலும் பழைய குறிப்புகளை எடுத்துக்கொண்டு போகவிட்டது. அந்த மட்டுக்கும் நாணயம். அதே ஆண்டின் இறுதியில், கேலரி, காலண்டர் போன்ற சிம்பிள் மொபைல் டூல்ஸ் ஆண்ட்ராய்டு செயலிகள் ஸிப்போஆப்ஸ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. அவற்றின் மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்திருந்ததால், பயனர்களுக்கு ஃபாசிஃபை என்ற மாற்று உடனே கிடைத்தது. கை மாறும் செய்தி வந்தால், அன்றே ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

இப்போது முதல் நாளிலிருந்தே பணம் கட்டும் செயலிக்கு மாறிவிட்டோம். வாங்குமுன், நெட்டை அணைத்துவிட்டு எக்செல் கோப்பு இறங்குகிறதா என்று பார்த்தேன்; இறங்கியது. தெர்மல் பிரிண்டரில் மட்டும் தமிழ் எழுத்துகள் உடைந்து விழுகின்றன. கேட்டால், அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்கிறார்கள்.