கடிவாளம் கைக்கு வருமுன்: குதிரையேற்றத்தை எங்கே, எதில் தொடங்கலாம்?

கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு சுற்று வந்துவிட்டு "எனக்குக் குதிரை ஓட்டத் தெரியும்" என்று சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன். ஓட்டியவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்த குதிரைக்காரர். நான் அதன் முதுகில் இருந்த மூட்டை. இது உறைப்பதற்கு எனக்கு இரண்டு ஆண்டுகளும் ஓர் இடது தோள்பட்டையும் செலவாயின.

இப்போது நாற்பதைத் தாண்டிய நண்பர்கள் சிலர் குதிரையேற்றம் பழக வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார்கள். எங்கே சேரலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் வழி நான்குதான்: மலையூர்களிலும் கடற்கரையிலும் கிடைக்கும் மட்டக்குதிரை, சவாரிப் பள்ளியின் குழு வகுப்பு, நீளக் கயிற்றில் தனி வகுப்பு, அல்லது சொந்தமாக ஒன்றை வாங்கிவிடுவது. நான்காவதைத் தவிர மற்றவற்றை உடம்பாலேயே சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

மட்டக்குதிரையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குதிரை என்றாலே நடுங்குபவருக்கு அந்தப் பயம் தெளியும், அவ்வளவே. அந்தக் குதிரைக்குத் தெரிந்தது ஒரே பாதை. நீங்கள் வலப்பக்கம் இழுத்தாலும் இடப்பக்கம் இழுத்தாலும் அது குதிரைக்காரரின் குரலுக்குத்தான் காது கொடுக்கும். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சேணத்தையும் சேர்த்து, அதன் முதுகில் ஏற்றக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 250 கிலோ மட்டக்குதிரைக்கு 50 கிலோதான் அளவு. என்னைப் போன்ற 80 கிலோ ஆள் அதில் ஏறிக் கற்றுக்கொள்வதாகச் சொல்வது குதிரைக்குச் செய்யும் அநியாயம்.

குழு வகுப்பில்தான் பெரும்பாலோர் சேருகிறார்கள். கட்டணம் குறைவு, கூட ஏழெட்டுப் பேர், முதல் நாளே கடிவாள வார் கையில். பார்க்கவும் அழகாக இருக்கும்: மணல் மைதானத்தில் வரிசையாக எட்டுக் குதிரைகள், நடுவில் பயிற்சியாளர். ஆனால் அந்த வரிசைதான் ஏமாற்றுகிறது. பின்னால் வருகிற குதிரை முன்னால் போகிறதன் வாலைப் பார்த்து நடக்கிறது. அது நின்றால் இது நிற்கும், அது திரும்பினால் இதுவும் திரும்பும். மேலே இருப்பவரோ தாமே திருப்பியதாக நினைத்து மகிழ்ந்துகொண்டிருப்பார். நான் ஒரு மாதம் மகிழ்ந்தேன். "குதிகாலைத் தாழ்த்துங்கள்!" என்று பயிற்சியாளர் எட்டுப் பேருக்கும் பொதுவாகக் கத்துவார். அது யாருடைய குதிகால் என்பது கடைசிவரை தெரியாது.

அந்த ஒரு மாத முடிவில்தான் விழுந்தேன். எனக்குக் கொடுத்திருந்தது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற செவலைக் குதிரை. வெளியே ஏதோ மோட்டார் சைக்கிள் பட்டென்று வெடித்தது, செவலை ஒரு துள்ளுத் துள்ளியது. நான் பயத்தில் வாரை இறுக்கிப் பிடித்தேன். காரில் பிரேக்கை மிதிப்பதுபோல் என்று நினைப்பு. பந்தயத்தில் ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிக்க, அந்தப் பிடியில் சாய்ந்துகொண்டே ஓடிப் பழகியது அந்தக் குதிரை. அதன் பாஷையில் இறுக்கம் என்றால் "போ". நான் இழுக்க இழுக்க அது பறந்தது. மூன்றாவது சுற்றில் நான் மட்டும் மணலில் கிடந்தேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். எனக்குக் குழி பறித்தது எலும்பு மருத்துவரின் ரசீது.

குற்றம் குதிரையுடையதன்று. உட்காரத் தெரியாதவன் கையில் வாரைக் கொடுத்தால், தடுமாறும்போதெல்லாம் அவன் வாரைத்தான் பிடித்துத் தொங்குவான். வாரின் மறுமுனை இருப்பது குதிரையின் வாயில். அங்கே எட்டுப் பேர் மாறி மாறித் தொங்கினால், எவ்வளவு சாதுவான குதிரைக்கும் ஒன்று வாய் மரத்துப்போகும், இல்லையென்றால் கோபம் வரும்.

தோள் சரியான பிறகு வேறோர் இடத்தில் சேர்ந்தேன். அங்கே பெரியவர் ஒருவர், "முதல் பத்து வகுப்பும் உங்களுக்கு லஞ்ச்தான்" என்றார். மதியச் சாப்பாடு போடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஏழெட்டு மீட்டர் நீளமுள்ள கயிற்றின் ஒரு முனையைத் தம் கையில் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் குதிரையை வட்டமாகச் சுற்ற விடுவதற்குத்தான் அந்தப் பெயர். வேகம், திருப்பம், நிறுத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. ஏறியவருக்கு வார் கிடையாது. சில வகுப்புகளுக்குப் பிறகு, சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியும் கிடையாது. உட்காருவது ஒன்றுதான் வேலை.

அது எவ்வளவு பெரிய வேலை என்று முதல் இருபது நிமிடத்திலேயே தெரிந்தது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார். பிறகு கண்களை மூடச் சொன்னார். "பின்னங்கால் எப்போது தரையில் படுகிறது, சொல்லுங்கள்" என்றார். கண்ணைத் திறந்திருந்தவரை குதிரை மொத்தமாக ஆடுவதுதான் தெரிந்தது. மூடியபின், இடது இடுப்பு ஒருமுறை தாழ்ந்து எழுவதும் பிறகு வலது இடுப்பு தாழ்ந்து எழுவதும் தனித்தனியாகப் பிடிபட்டது. நடை என்பது நான்கு அடி: தகதிமி. அதற்கடுத்த ஓட்டமான டிராட் இரண்டே அடி: தக, தக. அதற்கும் அடுத்த கேன்டர் மூன்று: தகிட. பெரியவர் மிருதங்கம் பழகியவரோ என்னவோ, தொடையில் தட்டிக்கொண்டே இதைச் சொன்னார். குழு வகுப்பில் ஒரு மாதம் மாவுமூட்டை போலக் குதித்த எனக்கு, டிராட்டில் "த"வுக்கு எழுந்து "க"வுக்கு அமர வேண்டும் என்பது அன்றைக்குத்தான் முட்டியில் இறங்கியது.

இது அவர் கண்டுபிடித்த முறையன்று. வியன்னாவின் ஸ்பானிஷ் சவாரிப் பள்ளியில், லிப்பிசானர் வெள்ளைக் குதிரைகளுக்குப் பேர்போன அந்த இடத்தில், புதிதாகச் சேரும் இளைஞர்களை இன்றும் அங்கவடியும் வாரும் இல்லாமல் கயிற்றில்தான் நெடுநாள் உட்கார வைக்கிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. அலுப்புத் தட்டும், சிலருக்குத் தலை சுற்றும். வட்டத்திலேயே ஓடுவது குதிரையின் கால்களுக்குச் சுமை என்பதால் இருபது, முப்பது நிமிடத்துக்கு மேல் நீட்ட முடியாது. கட்டணம் பெரும்பாலும் குழு வகுப்பைவிட அதிகம். குதிரையைத் திருப்பவோ, மற்ற குதிரைகளுக்கு நடுவே இடம் விட்டு ஓட்டவோ இதில் கற்க முடியாது. அதற்கு எப்படியும் குழுவுக்குத்தான் போக வேண்டும். ஆகவே என் கணக்கு இப்படி: முதல் பத்துப் பன்னிரண்டு வகுப்பு கயிற்றில், பிறகு குழுவில். பணம் குறைவு என்றால் வகுப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

எந்தக் குதிரை என்பது எந்தப் பள்ளி என்பதைவிட முக்கியம். நம் ஊர்ச் சவாரிப் பள்ளிகளில் நிறையக் காண்பது பந்தயத்திலிருந்து வந்த தரோபிரெட் என்ற இனம். உயரம், மெலிந்த தோல், எதற்கும் சட்டென்று விழிக்கும் நரம்பு. மறுபயிற்சி கொடுத்து நாலைந்து ஆண்டு பழகியதென்றால் அருமையான ஆசிரியர். நேற்று வந்ததென்றால் என் செவலையின் கதைதான். ராஜஸ்தான் இனமான மார்வாரிக்குக் காது நுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொடும், பார்த்தவுடன் மனம் போய்விடும். ஆனால் பல மார்வாரிகளுக்கு ரேவால் என்ற வழுக்கும் நடை இயல்பிலேயே உண்டு. அதில் குலுக்கல் குறைவு என்பதால் சொகுசாக இருக்கும். டிராட்டில் எழுந்தமரப் பழக வேண்டியவருக்கு அந்தச் சொகுசே இடைஞ்சல். நான் கற்றது ராணி என்ற பத்தொன்பது வயதுப் பெண் குதிரையிடம். என்ன இனம் என்று அதன் சொந்தக்காரருக்கே தெரியாது. முதுகு சற்றுக் குழிந்திருக்கும், கீழுதடு தொங்கும், புகைப்படத்துக்கு ஆகாது. தொடங்குகிறவருக்கு நான் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது இந்த மாதிரிக் குதிரையைத்தான்.

சொந்தக் குதிரை பற்றி. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோவில் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு ஒரு காய்ச்சல் வரும். தாளத்துக்குக் கால் தூக்கி ஆடும் குதிரையைப் பார்த்துவிட்டு விலை கேட்காமல் திரும்புவது கடினம். ஆடப் பழக்கிய குதிரை வேறு, புதியவரைச் சுமக்கப் பழக்கிய குதிரை வேறு. தீனி, ஆள், ஐந்தாறு வாரத்துக்கொருமுறை குளம்பு வேலை, மருத்துவர் என்று மாதம் தவறாமல் செலவு. அதைவிட, குதிரை ஏறாமல் கெட்டது, கடன் கேளாமல் கெட்டது என்ற பழமொழி முழு உண்மை. நன்றாக ஓட்டத் தெரிந்தவர் நாள்தோறும் ஏறாவிட்டால் குதிரை முரடாகும், நமக்கோ ஓட்டத் தெரியாது. இந்த வழியை நான் முயலவில்லை, முதல் மூன்று ஆண்டுக்கு யாரும் முயல வேண்டாம் என்றே சொல்வேன்.

கௌபாய் பாணிச் சேணம் நல்லதா என்றும் சிலர் கேட்கிறார்கள். முன்னால் கொம்பு போன்ற பிடி இருப்பதால் தைரியம் வரும். நம் பக்கத்தில் அதில் கற்றுத்தர ஆள் கிடைப்பது அரிது, ஆகவே விட்டுவிடலாம். செலவு செய்ய வேண்டியது தாடைப்பட்டி உள்ள தலைக்கவசத்துக்கும், சிறு குதிகால் வைத்த காலணிக்கும். தட்டையான ஓட்டப்பந்தயக் காலணி அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து சிக்கிக்கொள்ளும். விழும்போது கால் சிக்கினால் குதிரை இழுத்துக்கொண்டே போகும்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது கட்டணத்தைக் கேட்குமுன் அரைமணி நேரம் வேலியோரம் நின்று பாருங்கள். ஏறிய பிறகு சேணத்தின் வயிற்று வாரை இன்னொருமுறை இறுக்குகிறார்களா என்று கவனியுங்கள். ராணி போன்ற பழுத்த குதிரைகள் வார் கட்டும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை ஊதிக்கொள்ளும், பத்தடி நடந்ததும் விட்டுவிடும், சேணம் தளர்ந்து ஒருபக்கமாகச் சரியும். பெரியவர் ஒவ்வொரு வகுப்பிலும் பத்தாவது அடியில் ராணியை நிறுத்தி, வாருக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "பாட்டிக்கு இன்னும் நினைப்பு அப்படியே இருக்கிறது" என்று சொல்லி ஒரு துளை ஏற்றுவார்.