மீன்தொட்டி 'முழு செட்' வாங்கும் முன் இதைப் படியுங்கள்: சுங்கை சிப்புட்டில் எங்களுக்கு நடந்தது

எங்கள் அப்பா நாற்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தையும் இடித்த பிறகு, மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்தோம். அம்மா போனதிலிருந்து அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன பழக்கம் விடவில்லை, இன்றும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து விளக்குக்கூடப் போடாமல் ஹாலில் உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணெதிரே உயிருள்ள ஏதாவது நடமாடட்டும் என்றுதான் மீன்தொட்டி வாங்கினேன். அதில் நன்றாக ஏமாந்தேன். பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அப்பா காலை காலையாகச் செத்த மீனைக் கையில் ஏந்திக்கொண்டு பின்வாசலுக்குப் போனதை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. என்ன சொல்லி விற்றார்கள் என்பதை எழுதுகிறேன். அதே பேச்சை எந்த ஊர்க் கடையில் கேட்டாலும் உஷாராகிவிடுங்கள்.

இரண்டடித் தொட்டி, ஏறக்குறைய 60 லிட்டர் பிடிக்கும். பம்ப், ஃபில்டர், விளக்கு, வெள்ளைக் கல், செடி, மீன் எல்லாம் சேர்த்து 'முழு செட்' 460 ரிங்கிட். கடையில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, இன்னைக்கே மீன் விடலாம். இந்தத் தண்ணிய ஊத்துனா போதும், பாக்டீரியா ரெடி" என்று லேபிளே இல்லாத ஒரு போத்தலைக் கொடுத்தார். அது தனி, 25 ரிங்கிட். பத்து நியான் டெட்ரா, முதுகில் ரோஸும் பச்சையுமாகக் கோடு போட்ட ஆறு கண்ணாடி மீன், அழுக்கைச் சாப்பிடும் என்று ஓர் இக்கான் பண்டாராயா, ஆக மொத்தம் பதினேழு. ரசீதில் 'அக்குவாரியம் செட்' என்று ஒரே வரி. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

சனிக்கிழமை வைத்தோம். அன்று இரவு அப்பா பதினொரு மணி வரை தொட்டி முன்னாலேயே இருந்தார். திங்கட்கிழமை காலை இரண்டு மீன் மிதந்தன. மற்றவை தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. வியாழக்கிழமைக்குள் பதினொன்று போய்விட்டன.

கடைக்குப் போனேன். "தீனி அதிகமா போட்டிருப்பீங்க அக்கா. தண்ணியில நோய் இருக்கு" என்றார். ஒரு மஞ்சள் தூள் மருந்து 12 ரிங்கிட், மேலும் பத்து நியான் 20 ரிங்கிட். ஃபில்டர் பஞ்சை வாரா வாரம் பைப்பில் திறந்துவிட்டு நன்றாகக் கழுவச் சொன்னார். சொன்னபடியே செய்தேன். அந்தப் பத்தும் ஒரு வாரம் தாங்கவில்லை. ஆக 517 ரிங்கிட். மூன்றாம் தடவையும் போகத்தான் கிளம்பினேன். எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார் வாசலில் நிறுத்தி விசாரித்தார். அவர் இருபது வருடமாக மீன் வளர்ப்பவர். "மீன் வாங்காதம்மா. முதல்ல தண்ணியப் பார்ப்போம்" என்று, தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார்.

சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு விட்டு ஆட்டி வைத்தார். அமோனியா இல்லையென்றால் மஞ்சளாகவே இருக்குமாம். எங்களுடையது ஐந்து நிமிடத்தில் வாழையிலை போலப் பச்சையாகிவிட்டது. அப்பாவும் குனிந்து பார்த்தார்.

வாத்தியார் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மீனின் செவுள் வழியாகவும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அமோனியா வந்துகொண்டே இருக்கும். ஃபில்டர் பஞ்சில் குடியேறும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை, செடியும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறையும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியா ஊன்றிப் பெருகச் சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். போத்தலில் விற்கும் பாக்டீரியாவில் உதவி செய்வதும் உண்டு. அதை ஊற்றினாலும் சோதித்துப் பார்க்காமல் மீன் விடக் கூடாது. எங்களுக்குக் கொடுத்ததில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? நான் பைப்பில் கழுவிய பஞ்சிலும் கொஞ்சநஞ்சம் வளர்ந்திருந்தால் பைப் தண்ணீரில் உள்ள குளோரின் அதைக் கொன்றிருக்கும். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அலச வேண்டும்.

அப்புறம் அந்த வெள்ளைக் கல். வாத்தியார் ஒரு பிடி அள்ளித் தட்டில் போட்டு, சமையலறையிலிருந்து வினிகர் கேட்டு வாங்கி ஊற்றினார். சோடா போல 'சுர்ர்' என்று நுரைத்தது. அது உடைத்த பவளக் கல். சுண்ணாம்புச் சத்து கரைந்து தண்ணீரின் பி.எச்.சை, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண்ணை, ஏற்றிக்கொண்டே போகும். எங்கள் தொட்டியில் 8 காட்டியது. அமோனியாவின் அளவு அதேதான் என்றாலும், பி.எச். 7-லிருந்து 8 ஆனால் அதில் விஷமாக இருக்கும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிவிடுமாம். நம் ஊர்ச் சூடும் அதற்குத் துணை. நியானோ அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீரில் வாழும் மீன். அந்தக் கல்லோடு அந்த மீனையும் ஒரே செட்டில் போட்டு விற்றிருக்கிறார்கள். வேறு சில மீன்களுக்கு அந்தக் கல் பொருந்தும் என்றும் வாத்தியார் சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன்.

செடி விஷயத்தில் அப்பாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. வைத்த முதல் நாளே ஊதா இலைச் செடியைக் காட்டி, "பாப்பா, இது கிராணி வீட்டு வேலியோரம் படர்ந்து கிடக்குமே, அந்தச் செடி மாதிரி இருக்கே" என்றார். (கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா.) "இல்லப்பா, இது தண்ணிச் செடி" என்று நான்தான் அவர் வாயை அடைத்தேன். அவர் சொன்னதுதான் சரி, அது தரையில் வளரும் செடி. இன்னொன்று லக்கி பாம்பூ, சாமி மேடை பக்கத்தில் குவளையில் வைப்போமே, அதுதான். வேர் மட்டும் தண்ணீரில் இருந்தால் வளரும், முழுக்க மூழ்க வைத்தால் மெல்ல அழுகும். மூன்றாம் வாரம் ஒரு தண்டைப் பிடித்து இழுத்தேன். மேல்தோல் கையோடு உருவிக்கொண்டு வந்தது, உள்ளே கொழகொழவென்று சாக்கடை நாற்றம். அந்த அழுகலிலிருந்தும் அமோனியாதான் வரும்.

இலை கரைந்த உடனே கடைக்காரரைச் சந்தேகப்படவும் வேண்டாம். கிரிப்டோகொரைன் நம் நாட்டு ஓடைகளிலேயே வளர்வது. அது இடம் மாறினால் இலையெல்லாம் கரைந்து, பிறகு வேரிலிருந்து துளிர்க்கும். தண்டும் வேரும் கெட்டியாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். ஆனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் புதியவர்களுக்கு ஏற்ற உண்மையான தண்ணீர்ச் செடிகள். அவற்றின் கிழங்குத் தண்டைக் கல்லில் புதைக்காமல் கட்டையிலோ பாறையிலோ கட்டிவிட வேண்டும்.

கண்ணாடி மீனைப் பற்றித் தெரிந்துகொண்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அந்த மீனுக்கு இயற்கையில் ரோஸ் கோடும் கிடையாது, பச்சைக் கோடும் கிடையாது. உடம்பு ஊடுருவிப் பார்க்கிற மாதிரி இருக்கும், அதுதான் அதன் அழகு. ஊசியால் சாயம் ஏற்றி விற்கிறார்கள். சில மாதத்தில் சாயம் வெளுத்துவிடும், அதுவரை மீன் பிழைத்திருந்தால். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். பிள்ளை அழுதாலும் வாங்காதீர்கள்.

பண்டாராயா மீன் மட்டும் பிழைத்துக்கொண்டது. அது ஓர் அடிக்கு மேல் வளரும், இரண்டடித் தொட்டியில் வைக்கும் மீனே இல்லை. அழுக்கைச் சாப்பிடுவதைவிட அது போடும் அழுக்குத்தான் அதிகம். அப்பா அதைச் சுங்கை பிளஸ் ஆற்றில் விட்டுவிடலாம் என்றார். வாத்தியார் பதறிவிட்டார். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன் அது, இப்படி விட்டுவிட்டுத்தான் கிள்ளான் ஆறு வரை பெருகிக் கிடக்கிறதாம். இப்போது அவர் வீட்டுப் பெரிய தொட்டியில் இருக்கிறது.

பவளக் கல்லை எடுத்துவிட்டு ஆற்றுக்கல் போட்டோம். வாத்தியார் தன் தொட்டியிலிருந்து ஒரு பழைய பஞ்சைக் கொடுத்தார். தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, மீன் இல்லாமலே ஐந்து வாரம் ஓடவிட்டோம். அமோனியா, நைட்ரைட் இரண்டும் சுழி காட்டிய பிறகு ஆறு ஹார்லெக்வின் ரஸ்போரா விட்டோம். தீபகற்ப மலேசியாவின் ஓடைகளில் வாழும் மீன்தான். அப்பா தோட்டத்து அல்லூரில் (வாய்க்காலில்) சின்ன வயதில் தங்கோக் (கைவலை) போட்டுப் பிடித்ததாகச் சொல்கிறார். ஆறும் நன்றாக இருக்கின்றன.

கடையில் மறுபடி கேட்டதற்கு, "உயிருள்ள சாமானுக்கு கேரண்டி இல்ல" என்று முடித்துவிட்டார்கள். மீனுக்கு உத்தரவாதம் நான் கேட்கவில்லை. இன்றே விடலாம் என்ற பொய்க்கும், தண்ணீர்ச் செடி என்ற பொய்க்கும்தான் பதில் கேட்டேன். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், அதாவது திரிபுனல் துந்துத்தான் பெங்குனாவில், படிவம் போட்டிருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன். ஒற்றை வரி ரசீதுதான் இப்போது எனக்குப் பெரிய இடைஞ்சல். நீங்கள் வாங்கும்போது மீனின் பெயர், செடியின் பெயர், எண்ணிக்கை எல்லாவற்றையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். லேபிள் இல்லாத அந்தப் போத்தல் உங்கள் வீட்டிலும் இருந்தால் வீசிவிடாதீர்கள், படம் எடுத்து ரசீதோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.