ஈர்ப்பு அலையின் ஒளியைத் தேடுதல்: பட்டியல் பார்ப்பதா, வானத்தைத் துழாவுவதா?

நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன் இறந்தபின் எஞ்சும் மிக அடர்த்தியான கருக்கள்) இரண்டு மோதியதாக ஈர்ப்பு அலைகளை, அதாவது அத்தகைய மோதல்கள் வெளியில் எழுப்பும் அதிர்வுகளை, உணரும் கருவிகள் அறிவித்ததும், அந்த மோதலின் ஒளியைத் தேடும் ரோபோ தொலைநோக்கிகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. அலை வந்த திசையிலும் தொலைவிலும் உள்ள விண்மீன் பேரடைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகப் படமெடுப்பது ஒரு வழி. அலை வந்திருக்கக்கூடிய வானப்பரப்பு முழுவதையும் அகலப் பார்வைக் கேமராவால் துழாவுவது மற்றொரு வழி.

2017 ஆகஸ்ட் 17 பட்டியல் முறைக்கு வாய்த்த நாள். அமெரிக்காவின் லைகோ, இத்தாலியின் விர்கோ என்ற ஈர்ப்பு அலைக் கருவிகள் சேர்ந்து, அலை வந்த இடத்தைச் சுமார் 28 சதுர பாகைக்குள் (வானப்பரப்பை அளக்கும் அலகு) குறுக்கியிருந்தன. தொலைவும் ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுதான் என்பதால், பார்க்க வேண்டிய பேரடைகள் சில பத்துகளே. சிலியின் லாஸ் காம்பனாஸில் உள்ள 1 மீட்டர் ஸ்வோப் தொலைநோக்கி எடுத்த ஒன்பதாவது படத்தில், என்ஜிசி 4993 என்ற பேரடையின் மங்கலான ஒளிப்பரப்பை ஒட்டி, பழைய படத்தில் இல்லாத ஒரு புள்ளி தெரிந்தது. மோதல் நடந்து அப்போது 11 மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த முக்கால் மணி நேரத்துக்குள் வேறு ஐந்து குழுக்கள் அதே புள்ளியைத் தனித்தனியே படம்பிடித்தன. அவற்றுள் சுமார் 40 சென்டிமீட்டர் ரோபோ தொலைநோக்கி ஒன்றும் அடக்கம். மனிதர் இயக்கிய ஸ்வோப் முந்தியதை வைத்து ரோபோக்களைக் குறைத்து மதிப்பிடுவது சரியாகாது. தென் அமெரிக்காவில் இருட்டும்வரை எல்லோருமே காத்திருக்க நேர்ந்ததால், இயந்திரத்தின் வேகத்துக்கு அன்று வேலையே இருக்கவில்லை.

2019 ஏப்ரல் 25 அன்று வந்த அலை முற்றிலும் வேறு கதை. லைகோவின் இரு கருவிகளில் ஒன்றான ஹான்ஃபோர்டு கருவி அப்போது இயங்கவில்லை. ஆகவே தேட வேண்டிய பரப்பு 8,000 சதுர பாகையைத் தாண்டியது, அதாவது முழு வானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. தொலைவோ 50 கோடி ஒளியாண்டுக்கு மேல். அத்தனை தொலைவில் பேரடைப் பட்டியல்களே முழுமையாக இல்லை. மங்கலான பேரடைகள் பல விடுபட்டிருக்கும். ஒரே பார்வையில் 47 சதுர பாகையை அள்ளும் கலிபோர்னியாவின் பாலோமர் வானாய்வகத்தில் உள்ள இசட்டிஎஃப் கேமரா போன்றவைதான் அங்கே கைகொடுக்க முடியும். ஆனால் நான்கு மடங்கு தொலைவில் அதே ஒளி பதினாறில் ஒரு பங்காக மங்கிவிடும் என்பதால், இசட்டிஎஃப்பின் 1.2 மீட்டர் தொலைநோக்கிக்கே அது எல்லைக்கோடு. அன்றைய தேடலில் உறுதியான ஒளி எதுவும் அகப்படவில்லை.

துழாவும் முறைக்கு வேறொரு சுமையும் உண்டு. பழைய படத்தைப் புதிய படத்திலிருந்து கழித்தால் எஞ்சும் புள்ளிகளில் நகரும் சிறுகோள்கள், திடீரெனப் பொங்கும் நம் பால்வீதி விண்மீன்கள், தொடர்பே இல்லாத சூப்பர்நோவாக்கள் (வெடித்துச் சிதறும் விண்மீன்கள்) என எல்லாமே கலந்திருக்கும். அவற்றைச் சலித்தெடுக்காமல் ஒரு புள்ளியையும் நம்ப முடியாது.

என் கணிப்பில், பரப்பு சில பத்து சதுர பாகைக்குள்ளும் தொலைவு 20 கோடி ஒளியாண்டுக்குள்ளும் இருந்தால் பட்டியலே போதும். அதற்கு மேல் துழாவத்தான் வேண்டும். துழாவிக் கிடைத்த புள்ளிகளைச் சரிபார்க்கும் இரண்டாம் கட்டத்தில், லடாக்கின் ஹான்லேயில் உள்ள 70 சென்டிமீட்டர் குரோத்-இந்தியா ரோபோ தொலைநோக்கி போன்றவற்றின் மதிப்பு தெரியும். அமெரிக்காவில் பொழுது விடிந்த பின் இங்கே இரவு தொடங்கும். கிலோநோவாவின், அதாவது நியூட்ரான் விண்மீன் மோதலில் எழும் ஒளிர்வின், நீல ஒளி இரண்டு மூன்று நாட்களுக்குள் வடிந்து சிவப்பாகிறதா என்பதை அந்த இடைவெளியில் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க ஒரு கருவி வேண்டும்.