பூல் தண்ணீருக்கு ஹார்ட்னஸ் மருந்து: சில வருட அனுபவம்

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம் போன்றவற்றின் அளவு, 700 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 700 பங்கு) கீழே இறங்குவதே அபூர்வம். நீச்சல் குளத்துக்கு 200 முதல் 400 வரை இருந்தால் நல்லது. டைல்ஸ் ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு, ஏணிக் கம்பியைத் தொட்டால் சொரசொரப்பு. இதற்காகத்தான் 'ஹார்ட்னஸ் ரெட்யூசர்' என்று லேபிள் ஒட்டிய கேனை வாங்க ஆரம்பித்தோம்.

வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஆனால் லேபிளில் போட்டிருக்கும் வேலையை அல்ல. டெஸ்ட் கிட்டில் கொஞ்சம் குளத்துத் தண்ணீர் எடுத்து இண்டிகேட்டர் போட்டால் சிவப்பாகும். அது நீலமாகும் வரை கிட்டில் உள்ள இன்னொரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். என் கிட்டில் சொட்டுக்கு 25 பிபிஎம். மருந்து ஊற்றும் முன் 28 சொட்டு, ஊற்றி ஒரு வாரம் கழித்தும் அதே 28. உள்ளே இருப்பது பாஸ்போனேட். கால்சியத்தை வெளியேற்றாது, படியவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். குளோரின் அதை மெல்ல உடைத்துவிடுவதால் மாதா மாதம் ஊற்றியே ஆக வேண்டும். உடைந்தபின் மிஞ்சும் பாஸ்பேட் பாசிக்குத் தீனி. பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.8-ஐத் தாண்டினால் மருந்து இருந்தும் பொருக்கு வருகிறது. ஆசிட் விட்டு 7.2, 7.4 என்று வைத்தால் பாதித் தொல்லை இல்லை.

குளோரினையும் கவனிக்க வேண்டும். கால்சியம் ஹைப்போ (கால்சியம் ஹைப்போகுளோரைட்) போட்டால் ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினுக்கும் சுமார் 7 பிபிஎம் கடினத்தன்மை கூடுகிறது. ஒரு பக்கம் மருந்துக்குச் செலவு, மறுபக்கம் நாமே கால்சியத்தைக் கொட்டுவது! லிக்விட் குளோரினுக்கு மாறிவிட்டோம்.

நிஜமாகவே குறைக்கிற கெமிக்கல் வழி சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்). பிஎச்சை 10 வரை ஏற்றினால் குளம் மோர் மாதிரி வெளுத்து, சுண்ணாம்பு அடியில் படியும். அதை பில்டருக்குள் விடாமல் வேக்யூம் போட்டு வெளியேற்றி, பிறகு ஆசிட் விட்டுப் பிஎச்சை இறக்க வேண்டும். கடினத்தன்மை எண் இறங்கியது, சரி. ஆனால் குளம் பல நாள் முடங்கியது, ஆசிட் செலவு தனி. இன்னொரு முறை செய்ய மாட்டேன்.

இப்போது ஐப்பசி மழைக்கு முன் நாலடித் தண்ணீரில் ஓரடியை இறக்கிவிடுகிறோம். மழையே அதை நிரப்பினால் கடினத்தன்மை கால்வாசி குறையும், காசு செலவில்லை. குளத்தை முழுக்கக் காலி செய்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் ஏறும் பருவத்தில் காலித் தொட்டியையே மேலே தூக்கிவிடும். கேன் மருந்து இன்னும் வாங்குகிறேன், தண்ணீர் ஆவியாகி கால்சியம் செறியும் கோடை மாதங்களுக்கு மட்டும்.