விளக்கைத் திருப்புவது: புள்ளியா, கோணமா?

டயலக்ஸ் போன்ற ஒளியமைப்பு மென்பொருளில் ஃப்ளட் லைட்டைத் திருப்ப இரண்டு வழிகள்: ஒளி விழவேண்டிய புள்ளியைச் சுட்டுவது, அல்லது சாய்வு, சுழற்சிக் கோணங்களை எண்ணாகக் கொடுப்பது.

புதுச்சேரி கடற்கரை காந்தி சிலையை மாதிரியாக வைத்துப் பழகிப் பாருங்கள். 6 மீட்டர் கம்பத்தில் விளக்கு, 12 மீட்டர் தள்ளி சிலையில் 3 மீட்டர் உயரத்தில் இலக்கு. கிடைமட்டத்திலிருந்து சாய்வு சுமார் 14 டிகிரி. சுற்றியுள்ள கருங்கல் தூண் ஒன்று மறைக்கிறது என்று கம்பத்தைச் சிலையிலிருந்து 9 மீட்டர் தூரத்துக்கு நகர்த்தினால் அது 18 டிகிரிக்கு மேல் போய்விடும். கோணத்தை மட்டும் கொடுத்திருந்தால் ஒளி இலக்குக்கு முக்கால் மீட்டர் மேலே ஏறிவிடும், நீங்களே மறுபடி கணக்குப் போட வேண்டும். புள்ளியை வைத்திருந்தால் அதே இடத்தை மறுபடி சுட்டினால் போதும். வடிவமைக்கும்போது எனக்குப் புள்ளிதான்.

ஒன்று கவனியுங்கள். ஒளியை ஒரு பக்கமாகச் சாய்த்து வீசும் அசிமெட்ரிக் விளக்கில் உச்ச ஒளி கண்ணாடிக்கு நேரே வராது, பல டிகிரி விலகியே வரும். மென்பொருள் எந்த அச்சை இலக்கோடு சேர்க்கிறது என்று பார்க்காவிட்டால் வெளிச்சம் வேறெங்கோ விழும்.

சரி, கோணம் எதற்கு? ஒரே வரிசையில் பத்து விளக்குகளை ஒரே சாய்வில் வைக்க அதுதான் சுலபம். அப்புறம், ஏணியில் நிற்கும் எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு புள்ளியின் எக்ஸ், ஒய், இசட் எண்களால் பயனில்லை. ஃபோனை விளக்கின் முதுகில் வைத்து 18 டிகிரி பார்த்து போல்ட்டை இறுக்குவார். அதனால் வரைபடத்தில் கோணத்தைக் கட்டாயம் எழுதிக் கொடுங்கள்.